தாடையும் கழுத்தும்

மார்கழி, தை மாதங்களில் உதகைக்கு அருகே தலைக்குந்தாப் பக்கத்துப் புல்வெளிகள் உறைபனி படிந்து வெண்மையாகக் கிடக்கும். அந்த விடியற்காலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர்களைச் சற்றே கவனியுங்கள். தோள்கள் காதைத் தொட உயர்ந்திருக்கும், கழுத்து ஒடுங்கியிருக்கும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். குளிருக்குத் தாடையும் கழுத்தும் சேர்ந்தே விடை கூறுகின்றன. அவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இவ்வுறவை நான் நூலில் கற்பதற்கு முன் உடம்பில் கற்றேன். பணி ஓய்வுக்குப் பின் வந்த ஒரு குளிர்காலத்தில், குன்னூரில், என் பிடரியின் வலப்பக்கம் வலிக்கத் தொடங்கிற்று. கம்பளி மஃப்ளர் சுற்றினேன், தைலம் தேய்த்தேன், தலையணையை மாற்றினேன். மூன்று திங்கள் கழிந்தும் வலி அகலவில்லை. வேறொரு காரணமாகப் பல் மருத்துவரிடம் சென்றிருந்தபோது, அவர் என் காதுகளுக்கு முன்னால் விரல்களை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். வலப்பக்கம் 'டக்' என்று ஓர் ஒலி எழுந்தது. "பகலில் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பீர்களா, ஐயா?" என்று வினவினார். இல்லவே இல்லை என்றேன். வீடு திரும்பிச் செய்தித்தாள் படிக்க அமர்ந்தேன். ஐந்து நிமிடத்திற்குள் என் பற்கள் இறுகிக் கிடந்தன! தேர்வுக்கு முன் ஆண்டுதோறும் மாணவர்களிடம், "இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்" என்று சொல்லி வந்தவன் நான். மாணவர்கள் அதை வழக்காக எடுத்துக்கொண்டார்கள். நான்தான் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்திருக்கிறேன் போலும்.

உங்கள் சுட்டுவிரல்களைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு முன்னே நகர்வது தெரியும். அதுவே தாடை மூட்டு. கதவின் கீலைப்போல் சுழல்வதோடு நில்லாமல், முன்னோக்கி வழுக்கியும் செல்லும் மூட்டு அது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே நார்ப்பொருளாலான சிறு வட்டு ஒன்று மெத்தையாக அமைந்துள்ளது. அவ்வட்டு இடம் பிசகினால், அது திரும்பப் பொருந்தும்போது எழும் ஒலியே நான் கேட்ட 'டக்'.

இன்னொரு சோதனை செய்யலாம். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, பற்களை மெல்லத் தட்டுங்கள். பிறகு மோவாய் மார்பை நெருங்கக் குனிந்து தட்டுங்கள். இரண்டு முறையும் பற்கள் ஒரே இடத்தில் மோதவில்லை அல்லவா? கழுத்து நிலை மாறினால் தாடையின் இருப்பும் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? சுவீடன் நாட்டின் ஊமெயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாம் வாயைத் திறக்கும்போது தலையும் சிறிதே பின்னுயர்வதை அளந்து காட்டியிருக்கிறார்கள். மோட்டார் விபத்தில் கழுத்து உலுக்கப்பட்டவர்களிடம் இவ்விசைவு குலைந்திருந்ததையும் கண்டார்கள்.

வலி இடம் மாறித் தோன்றுவதற்கு நரம்பே காரணம். முகத்திற்கும் தாடைக்கும் உரிய முக்கிளை நரம்பின் வலி இழைகள் மூளைத்தண்டிலிருந்து கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை இறங்குகின்றன. கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் கொணரும் செய்தியும் அங்கேயே வந்து கலக்கிறது. இரண்டு தெருக்களின் கடிதங்கள் ஒரே பெட்டியில் விழுந்தால், எது எத்தெருவினது என்று மூளை மயங்குவது இயற்கை.

1934 இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை மூட்டு அழுந்திக் காதுத் தொல்லைகள் உண்டாகின்றன என்று எழுதினார். அவர் கூறிய உடற்கூற்று விளக்கத்தைப் பின்வந்தோர் மறுத்துவிட்டனர். ஆயினும் மூட்டின்மேல் உலகத்தின் கண்ணைத் திருப்பியவர் அவரே. தாடை நோயுள்ளோர் பலருக்குக் கழுத்து வலியும் இருப்பது இன்று தெளிவு. எது முந்தியது என்பதை ஆளுக்கு ஆள் ஆராய்ந்தே சொல்ல வேண்டும். இதில் அவசர முடிவு ஆகாது.

நம் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மார்களை எண்ணிப் பார்க்கிறேன். நாள் முழுதும் குனிந்த தலை. பிறகு மூட்டையைத் தலையிலேற்றிச் சரிவில் நடை. பாரம் தூக்கும் கணத்தில் பல்லைக் கடிப்பது மனித இயல்பு. அவர்கள் கழுத்து வலி என்று சொன்னால் தைலம் கொடுப்போர் உண்டு. தாடையைப் பற்றிக் கேட்போர் அரியர். நீங்கள் கேளுங்கள். மெல்லும்போது வலிக்கிறதா? மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களிடையே வைக்குமளவு வாய் திறக்கிறதா? இல்லையென்றால் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆனால் ஒன்று. மேட்டில் ஏறும்போது தாடையோ கழுத்தோ வலித்து, நின்றால் தணியுமாயின், அது மூட்டின் குற்றமாக இராது. இதயத்தின் முறையீடாக இருக்கலாம். மார்பு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றபடி இந்நோய்க்குப் பெரிய வைத்தியம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. சில நாள் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், இருபுறமும் மெல்லுதல், பயிற்சி பெற்றவர் கற்பிக்கும் தாடை, கழுத்துப் பயிற்சிகள்: இவையே முதற்படி. 2023 இல் பி.எம்.ஜே. என்னும் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதலும் நாட்பட்ட தாடை வலிக்குப் பயிற்சிகளையே முன்வைக்கிறது. பல்லைத் தேய்த்து மட்டம் செய்வது போன்ற, மீட்க இயலாத வேலைகளுக்கு எளிதில் இசைய வேண்டாம் என்பது என் கருத்து.

ஓய்வில் இருக்கும் வாயில் உதடுகள் சேர்ந்திருக்கும். பற்கள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பிரிந்திருக்கும். இதை நினைவூட்ட என் மேசை விளக்கில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் பற்களைப் பிரித்தேன், தோளைத் தாழ்த்தினேன். இரண்டு மாதத்தில் பிடரி வலி பெரும்பாலும் விலகிற்று. 'டக்' ஒலி மட்டும் இன்றும் உண்டு. வலியில்லாத ஒலிக்கு மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலைச் சிற்றுண்டியின்போது என் பேரன் அதை எண்ணிக்கொண்டிருக்கிறான்.