சுமைதாங்கி எங்கே?

(சுமைப்பணித் தொழிலாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

பழைய சாலைகளின் ஓரத்தில், இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய சுமைதாங்கிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் பிள்ளையோடு மறைந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது நம் நாட்டு வழக்கம். தன் சுமையை இறக்காமலே போய்விட்டவளின் பெயரால், வழிநடப்பவனாவது தன் சுமையை இறக்கி வைக்கட்டும் என்ற கனிவு அதில் இருக்கிறது. ஆனால் இன்று உங்கள் கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்புவது அந்தக் கனிவை அன்று. அந்தக் கல்லின் உயரத்தை!

பெரும்பாலும் நிற்கின்ற ஆளின் மார்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் அந்தக் கல் கிடக்கும். ஏன் தரையில் இல்லை? தரையில் இறக்கினால் குனிய வேண்டும். மீண்டும் தூக்கக் கைகொடுக்க ஆள் வேண்டும். தனி வழியில் நடப்பவனுக்கு ஆள் ஏது? ஆகவே, குனியாமல் இறக்கவும், துணையின்றி ஏற்றவும் ஏற்ற உயரத்தில் கல்லை வைத்தார்கள். எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கள், முதுகெலும்பு எங்கே முறிகிறது என்பதை அறிந்திருந்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்றையும் அறிந்திருந்தார்கள். சுமப்பவனின் ஓய்வு அவனுடைய மனவலிமையைப் பொறுத்ததன்று. வழியில் அதற்கு இடம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது!

இன்று அந்தக் கல் எங்கே? கிடங்கில் இருக்கிறதா? காய்கறிச் சந்தையில் இருக்கிறதா? லாரி நிற்கும் தெருவில் இருக்கிறதா? இதுதான் இந்த உரையின் கேள்வி.

தோழர்களே! மூட்டை தூக்குகிறவர், சித்தாள், கல்லுடைப்பவர், நாள் முழுவதும் நின்றே துணி விரித்துக் காட்டும் கடைப்பெண் ஆகிய இவர்களுள் யாரைக் கேட்டாலும் உடம்பில் ஒரு வலி இருக்கும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. "வயசாகிவிட்டது" என்பார் ஒருவர். அவருக்கு வயது நாற்பதுகூட இராது. "என் உடம்பு வாகு அப்படி" என்பார் இன்னொருவர். "தலையெழுத்து" என்பார் மூன்றாமவர். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், நாளைக் காலை மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார் என்ற அச்சம் அடிமனத்தில் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு ஆண்மை என்றும் பொறுமை என்றும் அழகான பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்!

தலையெழுத்தா, வேறு எழுத்தா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதுகின் தசைகள் முள்ளெலும்பின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் பற்றி இழுக்கின்றன. குனிந்து, கையை நீட்டி, 40 செ.மீ. முன்னால் கிடக்கும் 25 கிலோ மூட்டையைத் தூக்குகிறீர்கள். துலாக்கோலின் விதிப்படி, அந்தத் தசைகள் எட்டு மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். அதாவது 200 கிலோ! அந்த அழுத்தம் முழுவதும் இடுப்பெலும்புகளின் இடையே உள்ள மெல்லிய வட்டுகளின் மேல் இறங்குகிறது. குனிந்த மேலுடலின் எடையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. அதற்கு எத்தனை என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். அதே மூட்டையை இடுப்பளவு மேடையில் வைத்து, உடலோடு அணைத்து, 20 செ.மீ. தொலைவில் எடுத்தால் அந்த அழுத்தம் பாதியாகிறது. மூட்டை மாறவில்லை, ஆள் மாறவில்லை, தலையெழுத்தும் மாறவில்லை. மேடை ஒன்று வந்தது, அவ்வளவுதான்!

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த கணக்கின்படி, எல்லா வசதிகளும் சரியாக அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. தொலைவு கூடினாலும், குனிய நேர்ந்தாலும், திரும்ப நேர்ந்தாலும், அடிக்கடி தூக்க நேர்ந்தாலும் அந்த எண் இன்னும் குறையும். நம் தோழர்கள் சுமப்பதோ அதனினும் இரு மடங்கு. அதுவும் நடைக்கு நடை!

இந்த உண்மை இன்று நேற்றுக் கண்டதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமத்சீனி, 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுமை தூக்குவோர், நின்றே வேலை செய்வோர், உட்கார்ந்தே வேலை செய்வோர் எனத் தொழில் தொழிலாக ஆராய்ந்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு புதிய கேள்வி ஒன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உங்களூர் மருத்துவமனையில் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா? வலி எங்கே என்று கேட்டிருப்பார்கள். அந்த வலி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, 2020-இல் இடுப்புவலியால் துன்புற்றவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். உலகில் மனிதரை முடக்கிப் போடும் காரணங்களுள் முதலிடம் அதற்கே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில்நோய்களை வரிசைப்படுத்தியது. ஈய நஞ்சு இருந்தது. பாதரச நஞ்சு இருந்தது. நுரையீரலை அரிக்கும் தூசி நோயும் இடம்பெற்றது. சுமந்து சுமந்து தேய்ந்த முதுகுக்கு அதில் இடமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போ 2010-இல் திருத்திய பட்டியலில் தசை, மூட்டு நோய்களுக்கெனத் தனிப் பிரிவே வகுத்தது.

ஏன் இந்த வேறுபாடு? விபத்துக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, சாட்சி உண்டு. தேய்மானத்துக்கு நாள் ஏது? இருபது ஆண்டுகளில், பல்லாயிரம் மூட்டைகளில், எந்த மூட்டை முதுகை முறித்தது என்று எவர் காட்ட முடியும்? காட்ட முடியாது என்பதாலேயே, எவரும் பொறுப்பில்லை என்று கைகழுவுகிறார்கள்.

சரி, வலிக்கிற உடம்போடு இன்றைக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொள்கை வெல்லும்வரை இடுப்பு காத்திருக்காது!

முதலாவது, தூக்கும் முறை. மூட்டையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருகாதீர்கள். காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பெரும் பாரத்துக்கு இருவர் கைகொடுங்கள். ஒருவர் குரல் கொடுக்க, இருவரும் ஒருசேரத் தூக்குங்கள். காலையில் வந்ததும் கனமான மூட்டையில் கை வைக்காதீர்கள். இலேசான வேலையில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

இரண்டாவது, வலி வந்துவிட்டால் நாட்கணக்கில் படுக்கையில் கிடக்காதீர்கள். சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு நெடுநாள் படுக்கை நன்மை செய்வதில்லை என்பதே இன்றைய மருத்துவ முடிவு. பாரத்தை நிறுத்துங்கள், நடமாட்டத்தை நிறுத்தாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும்.

மூன்றாவது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை. அது வலியைத் தீர்ப்பதில்லை. வலியின் வாயை அடைக்கிறது. நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகும்; சிறுநீரகம் கெடும். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் போதாமல் உழைக்கிறவருக்கு அந்தக் கேடு இன்னும் அதிகம். மாலையில் மதுக்கடை வாயிலில் நின்று "வலிக்காகத்தான் குடிக்கிறேன்" என்கிற தோழரிடமும் இதையே சொல்லுங்கள். பழித்துச் சொல்லாதீர்கள், தோளில் கை போட்டுச் சொல்லுங்கள். அவருக்கு வலி இருப்பது உண்மை. ஆனால் அந்த மருந்து கூலியையும் குடிக்கிறது, குடலையும் குடிக்கிறது.

நான்காவது, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. கால் மரத்துப்போதல், பாதம் வலுவிழந்து தொங்குதல், உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகுவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போனதும் நீங்களே சொல்லுங்கள்: "நான் மூட்டை தூக்குகிறவன், நாளுக்கு இத்தனை நடை, நடைக்கு இத்தனை கிலோ." மருத்துவர் கேட்க மறந்த கேள்விக்கு நீங்கள் விடை கொடுங்கள். அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அறிவுரைகளுள் பாதியை நீங்கள் நினைத்தாலும் கடைப்பிடிக்க முடியாது! ஏன்? மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டிருக்கிறது. இருவர் சேர்ந்து தூக்கினால் கூலி பாதி. இளைப்பாறினால் கூலி இல்லை. மெல்லத் தொடங்கினால் லாரிக்காரர் கூவுகிறார். "பாரம் தூக்காதே" என்று மருத்துவர் சொல்கிறார். அன்றைய அடுப்புக்கு அரிசி யார் தருவது? ஆகவே, வலி பிறக்கும் இடம் முதுகெலும்பு அன்று. கூலி பேசும் இடம்! அங்கே தீர்க்காத வலியை எந்தத் தைலமும் தீர்க்காது.

அங்கே தீர்த்துக் காட்டியவர்கள் உண்டு. சென்னையில் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளரின் முறையீடுகளுள் ஒன்று என்ன தெரியுமா? நண்பகலில் உணவருந்தக் கிடைத்த இடைவேளை போதவில்லை என்பது! ஓய்வு நேரம் என்ற அந்தச் சிறு கல்லின்மேல் எழுந்தது நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாறு. மராட்டியத்தில் தலைச்சுமைத் தொழிலாளர் போராடி, 1969-இல் தமக்கெனத் தனிச் சட்டம் பெற்றனர். நம் தமிழகத்திலும் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல வாரியங்கள் வந்தன.

இன்னொரு கதையும் கேளுங்கள். நின்றே வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கூறிற்று. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலையின் வாயிலோடு நின்றுவிட்டது, கடைத்தெருவுக்கு வரவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்கள் திரண்டு குரல் எழுப்பினர். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழகம் 2021-இல் திருத்தியது. தொழிற்சாலையிலிருந்து கடைக்கு ஒரு நாற்காலி நடந்துவர 73 ஆண்டுகள்! அதுவும் தானாக நடந்து வரவில்லை. கால் கடுத்தவர்கள் கேட்டதால் வந்தது.

இப்போது நம் முன் உள்ள வேலை என்ன? உடல்நலத்தைக் கெடுக்கும் எடையை எந்தத் தொழிலாளரும் சுமக்கலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் உடன்படிக்கை வகுத்தது. வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைந்து குறைக்க வேண்டும் என்று அதனோடு வந்த பரிந்துரை கூறுகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்க 2010 வரை ஆயிற்று. பின்னர், 13 தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கி 2020-இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டம் தில்லியில் எழுதப்படலாம்; எடை உங்கள் தோளில் ஏறுகிறது. அதன் விதிகளில் எந்த எண் இருக்கிறது, அந்த எண் கிடங்கில் மதிக்கப்படுகிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை.

அதற்கு ஒரு தாள் போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில், மனித உருவத்தை முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு வலிக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். பெயர் வேண்டாம். சித்தாள் வேலை செய்யும் தாய்மார்களை முதலில் அழையுங்கள். கட்டடத்தில் சட்டி சுமந்து, வீட்டில் குடம் சுமப்பவர்கள் அவர்கள்தாம். அரை மணி நேரத்தில் அந்தத் தாள் பேசத் தொடங்கும். இருபது புள்ளிகள் ஒரே இடுப்பில் குவிந்திருப்பதைக் கண்ட பிறகு, "என் உடம்பு வாகு" என்று எவர் சொல்வார்? இருபது பேருக்கும் ஒரே தலையெழுத்தா?

அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கூலிப் பேச்சுக்குச் செல்லுங்கள். கூலி உயர்வோடு நான்கு கோரிக்கைகளையும் சேர்த்து எழுதுங்கள். மூட்டையின் எடை குறைய வேண்டும். லாரியின் உயரத்துக்கு மேடையும் தள்ளுவண்டியும் வேண்டும். இளைப்பாறும் நேரத்துக்கும் கூலி வேண்டும். தேய்ந்த முதுகும் தொழில்நோய் என்று ஏற்கப்பட வேண்டும்.

செத்துப்போன ஒருத்திக்காகச் சாலையில் கல் நட்ட நாடு இது. உயிரோடு சுமக்கிறவர்களுக்காக ஒரு மேடை கட்டச் சொல்வது பெரிய கோரிக்கை அன்று. கேளுங்கள் தோழர்களே! ஒருவராகக் கேட்டால் அது முனகல்; ஊராகக் கேட்டால் அது உரிமை!