கேள்வியின் சொல்லும் மாணவரின் விடையும்: கல்லூரி விளையாட்டாளருக்கான மனநல முன்சோதனை



கல்லூரி விளையாட்டாளரின் மனநலத்தைப் பற்றி மொழித்துறையைச் சார்ந்த நாம் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முழங்கால் வீங்கினால் கண்ணால் காணலாம். விரலால் தொட்டும் அறியலாம். மனம் துன்புற்றால் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேள்வியோ மொழியால் ஆனது. ஆதலால், கேள்வியின் சொல் பிழைத்தால் சோதனையே பிழைத்துவிடும் என்பதே இன்று நாம் சொல்ல விழைவது.

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மனநல வழிகாட்டியில், மாணவர் களம் இறங்குமுன் மனநல முன்சோதனை செய்யவேண்டும் என்பதும் ஒரு கூறாகும். 2020இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள விளையாட்டாளருக்காக மூன்று படிகள் கொண்ட ஒரு கருவியை வெளியிட்டது. முதற்படியில் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 17 அல்லது அதற்கு மேலானால் அடுத்த படி. அங்குள்ள வினாத்தாள்களுள் ஒன்று, கடந்த இரண்டு வாரங்களின் மனச்சோர்வை ஒன்பது கேள்விகளால் அளப்பது. அதன் உச்ச மதிப்பெண் 27. மூன்றாம் படி மருத்துவரின் நேரடி ஆய்வு. முன்சோதனை நோயை முடிவு செய்வதன்று. யாரிடம் மேலும் பேசவேண்டும் என்று காட்டுவது மட்டுமே.

சிங்கப்பூர், மலேசியத் தமிழ் மாணவர் பலர் இத்தகைய தாள்களை ஆங்கிலத்திலோ மலாயிலோ நிரப்பக்கூடும். ஆனால் வீட்டில் தம் வருத்தத்தைத் தமிழில் சொல்வர். தமிழில் கேட்க முற்படும்போது நான்கு இடங்களில் நாம் விழிப்பாக இருக்கவேண்டும்.

முதலாவது, கலைச்சொல். ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லைத் தேர்வு நெருக்கடிக்கும் வழங்குகிறோம். மருத்துவம் வேண்டும் நோய்க்கும் வழங்குகிறோம். போட்டிக்கு முந்திய இரவில் எவருக்கும் அழுத்தம் இருக்கும். வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் போவது வேறு. அதனை ‘மனச்சோர்வு’ எனப் பிரித்துச் சொல்வதே தகும்.

இரண்டாவது, எதிர்மறை வினா. “உனக்குத் தூக்கம் வருவதில்லையா?” என்று கேட்டால், “ஆமாம், வருவதில்லை” என்றும் விடை வரும், “இல்லை, வருவதில்லை” என்றும் வரும். தமிழில் இரண்டும் இயல்பே. ஆனால் வெறும் “ஆமாம்”, வெறும் “இல்லை” என்று மட்டும் ஒருவர் குறித்தால் எதனைக் கொள்வது? ஆதலால், “எத்தனை நாள் தூங்க முடியாமல் இருந்தது?” என்று கேட்பதே தெளிவு.

மூன்றாவது, உடலின் மொழி. உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் ஓர் இலக்கணமாகவே வகுத்தது. இன்றும் நம்மவர் “நெஞ்சு அடைக்கிறது”, “உடம்பு அசதியாக இருக்கிறது” என்றே துன்பத்தைச் சொல்கின்றனர். விளையாட்டாளருக்கோ கடும் பயிற்சியாலும் அசதி வரும். பசியும் உறக்கமும் மாறும். எனவே தாளின் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், “ஓய்வு நாளிலும் இந்த அசதி இருக்கிறதா?” என்று நேரில் கேட்கவேண்டும். தாளின் சொற்களை மட்டும் நம் விருப்பப்படி மாற்றலாகாது. மொழிபெயர்ப்பை அம்மொழி பேசும் மாணவரிடம் சோதித்துப் பார்த்த பின்னரே வழங்கவேண்டும்.

நான்காவது, மிகவும் முதன்மையானது. அந்த ஒன்பதாம் கேள்வி, இறந்துபோவதே மேல் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் எழுந்ததா என்பதை வினவுவது. இடக்கரடக்கல் நம் மரபு. ‘விபரீத முடிவு’ என்று மூடிச் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கு அது உதவாது. மூடிக் கேட்டால் விடையும் மூடியே வரும். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்னும் அச்சத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அக்கேள்விக்கு ஒருவர் ‘உண்டு’ எனக் குறித்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாயினும், அன்றே தகுதியுடைய ஒருவர் அவரிடம் பேசவேண்டும். பேச ஆள் இல்லாத இடத்தில் தாளை மட்டும் கொடுப்பது முறையன்று.

சொற்கள் யாவும் செம்மையாக இருந்தாலும், விடை பயிற்றுநர் கைக்குப் போகும் என்று மாணவர் அஞ்சினால் “ஒன்றுமில்லை” என்றே எழுதுவார். யார் படிப்பர், யார் படிக்கமாட்டார், அணியில் இடம் போகுமா என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ், மனநலத்தைக் காரணமாகச் சொல்லிக் குழுப் போட்டியின் இடையே விலகினார். அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். விலகியது அவருக்கு முடிவாகிவிடவில்லை.

ஆசிரியர்களே, தமிழில் “எனக்குக் கவலையாக இருக்கிறது” என்கிறோம். கவலை இங்கு ஆளின் பெயரன்று. அவருக்கு வந்திருக்கும் ஒரு நிலை. வந்தது போகவும் கூடும். நம் மாணவரிடம் “நீ ஏன் இப்படி ஆகிவிட்டாய்?” என்று கேளாமல், “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். கேட்டபின், விடை வரும்வரை பொறுத்திருப்போம்.