வீட்டுக் காற்றும் தூய்மைக் கருவிகளும்



பிழைப்பை நாடிச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நாம், ஆண்டுக்கொருமுறை கூடித் தமிழின்பம் நுகரும் இவ்விழாவில், இயந்திரங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் வினவலாம். நம் இல்லங்கள் பலவற்றில் இழைப்பு நோயால் வருந்தும் முதியோரோ குழந்தையோ உண்டு. அவர்கள் பொருட்டுக் காற்றுத் தூய்மைக் கருவியைத் தவணையிற் பெறுவோர் பெருகி வருகின்றனர். நம் சங்கப் படிப்பகத்திற்கும் ஓர் அயனிக் கருவி வாங்கலாம் என்னும் எண்ணம் எழுந்துள்ளது. ஆதலின், பொருள் கொடுக்குமுன் அதன் தன்மையை ஆராய்தல் நம் கடமையாகும்.

காற்றைப் பற்றிய கவலை நம் ஊருக்குப் புதிதன்று. 2019ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின்கீழ் வந்த ஆந்திர நகரங்கள் பதின்மூன்றனுள் சித்தூரும் ஒன்று. சாலைப் புழுதியும், கருங்கல் அறுக்கும் தூளும், வண்டிப் புகையும் நம் சாளரத்தின் வழியே உள்ளே புகுகின்றன. அடுப்புப் புகையும் கொசுவத்திப் புகையும் உள்ளேயே பிறக்கின்றன. இவற்றுள் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களே கொடியவை. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அவற்றின் சிறுமையை உணரலாம். அவை நுரையீரலின் அடிவரை செல்லும்.

நாம் ரயில்வேயில் கணக்கெழுதிப் பழகியவர்கள். வந்த சரக்கு கிடங்கில் இருத்தல் வேண்டும். அன்றேல் வெளியே சென்றிருத்தல் வேண்டும். மூன்றாவது வழி இல்லை. தூய்மைக் கருவியிடமும் அதே கேள்வியைக் கேட்போம்: அறையிலிருந்த தூசு எங்கே போயிற்று?

வடிகட்டிக் கருவி இதற்கு நேரான விடை தருகிறது. விசிறி காற்றை இழுத்து, நுண்ணிழைகளால் ஆன மடிப்புத் தாளின் வழியே செலுத்துகிறது. ஹெப்பா எனப்படும் இவ்வகை வடிகட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அணுகுண்டு ஆய்வின்போது உருவாயிற்று. அது வெறும் சல்லடை அன்று. பெருந்துகள்கள் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணியவை நிலையின்றி அலைந்து இழையில் அகப்படும். இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவினவே பிடிபடுதற்கு அரியவை. அவற்றிலும் 10,000க்கு 9,997ஐப் பிடிப்பதே அமெரிக்க அளவுகோல். தூசு தாளில் தங்கும். தாளை மாற்றுங்கால் வீட்டை விட்டு நீங்கும். கணக்கு நேராயிற்று.

அயனிக் கருவியின் வழி வேறு. அது துகள்களுக்கு மின்னேற்றம் தருகிறது. அவை சுவரிலும், திரையிலும், மெத்தையிலும் சென்று ஒட்டும். அடித்துத் துடைக்குங்கால் மீண்டும் எழும். அமெரிக்கரான காட்ரெல் 1908இல் காப்புரிமை பெற்ற ஆலைக் கருவியிலும் மின்னேற்றமே தொழிற்படுகிறது. ஆனால் அங்கே தூசைப் பிடிக்க உலோகத் தகடுகள் உண்டு. தகடில்லா அயனிக் கருவிக்கோ, நம் வீட்டுச் சுவரே தகடு!

மேலும், இத்தகைய கருவிகள் சில ஓசோன் வாயுவை உண்டாக்கும். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் உள்ளது. அங்குள்ளோர் ஆராயும் உயர்வானத்தில் ஓசோன் கதிரவனின் தீக்கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது; படுக்கையறையிலோ அதுவே நுரையீரலைப் புண்படுத்துகிறது. பத்துக் கோடிப் பங்கு காற்றில் 5 பங்குக்கு மேல் ஓசோன் உண்டாக்கும் வீட்டுக் கருவிகளைக் கலிபோர்னியா மாநிலம் விற்க விடுவதில்லை. மழைக்காலத்து இடிமின்னலின்பின் எழும் வாசனையைப் புத்துணர்ச்சி என்று மயங்குதல் கூடாது.

வடிகட்டிக்கும் எல்லை உண்டு. நாற்றத்தையும் ஆவிகளையும் தாள் பிடிக்காது. அதற்குக் கிளர்வூட்டிய கரி வேண்டும். அடுப்பின் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடை அக்கரியும் நீக்காது. அறையின் அளவும் கருதத்தக்கது. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம் உள்ள அறையில் 1,200 கன அடிக் காற்று உண்டு. நிமிடத்திற்கு 100 கன அடி தூய காற்றுத் தரும் கருவியே அதனை மணிக்கு ஐந்து முறை தூய்மையாக்கும்.

யாவற்றினும் முதன்மையானது புகையைப் பிறவாமல் தடுப்பதே. திருமலைப் பாதையில் 2022 முதல் மின்பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் பின்னே புகை இல்லை. நம் வீட்டிலும் கொசுவத்திக்கு மாறாக வலை கட்டலாம். அடுக்களையில் புகைபோக்கி விசிறி வைக்கலாம். ஈரத்துணியால் தரையைத் துடைக்கலாம். இவற்றிற்குத் தவணை இல்லை. கருவி வாங்கினும் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது.

எனவே, படிப்பகத்திற்கு வடிகட்டிக் கருவியே வாங்குக. ஆண்டுதோறும் தாள் மாற்றும் செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்குக என்று செயற்குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறோம். அங்கே அமர்ந்து படிப்பவர் நம் தாய் தந்தையர். அவர்தம் மூச்சு நம் பொறுப்பு.