கரந்த சொல்லால் கெட்ட குடி

(லப்பைக்குடிக்காட்டில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கதை படித்தல் வெறும் பொழுதுபோக்கென்றே பலர் கருதுவர். அடுத்து யாது நிகழுமோ என்று நெஞ்சம் துடிக்கப் படித்து, முடிந்தவுடன் ஏட்டை மூடிவிடுவர். அத்துடிப்பினுள்ளேயே ஓர் அறம் பொதிந்துள்ளது என்பதை இன்று ஆராயப் புகுகின்றோம்.

முன்னாளில் நம் ஊரும் அடங்கியிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வரகனேரியினராகிய வ. வே. சு. ஐயர், 1915-ஆம் ஆண்டில் 'விவேகபோதினி' இதழில் வெளியிட்ட 'குளத்தங்கரை அரசமரம்' என்னுங் கதையை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சிறுகதைகளுள் முன்னோடியாக வைத்தெண்ணப்படும் அக்கதையை, குளக்கரையில் நிற்கும் மரமே கூறுகின்றது.

ருக்மிணி செல்வர் மகள், நாகராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அர்பத்நாட் வங்கி முறியவே அவள் தந்தையின் பொருள் அழிந்தது. அவ்வங்கி 1906-இல் சென்னையில் மெய்யாகவே முறிந்து, பல குடும்பங்களை வறுமையில் ஆழ்த்தியது. பொருள் போனதும் மாமன் மாமியாரின் அன்பும் போயிற்று. மைந்தனுக்கு மன்னார்குடியில் வேறு பெண் பேசினர். நாகராஜனோ இசைந்தவன்போல் நடித்து, மணப்பந்தலில் மறுத்து, பெற்றோர்க்குப் பாடம் புகட்ட எண்ணினான். அதனை நண்பன் ஸ்ரீநிவாசனிடம் கூறினான், ருக்மிணியிடம் கூறிலன்.

ஈண்டே நம் நெஞ்சம் துடிக்கத் தொடங்குகிறது. அவன் உள்ளம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரவில் அம்மரத்தடியில் இருவரும் சந்திக்குங்கால், "சொல்லிவிடு, அப்பா! சொல்லிவிடு!" என்று நாம் உள்ளுக்குள் கூவுகின்றோம். அவன் சொல்லவில்லை. ருக்மிணி குளத்தில் மூழ்கி உயிர் நீத்தாள். நாகராஜன் துறவு பூண்டான்.

இதனால் நாம் பெறும் படிப்பினைகள் யாவை? மருமகளைச் சீர்வரிசையால் அளப்போர் வீடு நிலையாது என்பது ஒன்று. இஃது எவரும் அறிந்ததே. அதனினும் நுண்ணியது மற்றொன்று. ருக்மிணியைக் கொன்றது பகைவரின் கொடுமை மட்டுமன்று. அன்புடையவனின் மௌனமும் ஆகும். அவன் பொய்யனல்லன், வஞ்சகனுமல்லன். ஆயினும், ஒருவருடைய வாழ்வைப் பற்றிய உண்மையை அவரிடமே மறைப்பது, நன்மை கருதியதாயினும் தீமையே பயக்கும். மற்றும், உயிரை மாய்த்தல் துயர்க்கு மருந்தன்று என்பதும் நம் பெண்மக்கள் கொள்ளத்தக்கது. அவள் ஒரு நாள் பொறுத்திருப்பின் அனைத்தும் வெளிப்பட்டிருக்கும்!

மனைவி இருக்க மறுமணம் புரிதலை 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் விலக்கிற்று. வரதட்சணையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் வீட்டுக்குள் நிகழும் மறைப்பைத் தடுக்க எந்தச் சட்டம் உளது? வெள்ளாற்றங்கரையிலுள்ள இவ்வூரினின்று ஆடவர் பலர் கடல் கடந்து பொருள் தேடச் செல்கின்றனர். அங்கே வேலை போயினும் மனைவிக்குச் சொல்லார். இங்கே கடன் பெருகினும் கணவனுக்குச் சொல்லார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த பின்னரே பெண்ணுக்குத் தெரிவிப்பாரும் உளர். "வீணே கவலைப்படுவார்களே" என்பது எல்லோரும் கூறும் சமாதானம். நாகராஜன் பிழையும் அத்தகையதே.

ஆதலின், நம் சங்கத்தார் முன்னின்று நடத்தும் திருமணப் பேச்சுகளில், மணமக்கள் இருவர்க்கும் யாவற்றையும் முன்னரே அறிவித்து, அவர்தம் இசைவு பெற்ற பின்னரே தாம்பூலம் மாற்றுதல் வேண்டும் என்று நாம் வேண்டிக்கொள்கின்றோம். கதையில் நாகராஜனை நோக்கிக் கூவிய நாம், நம் வீட்டில் வாய்மூடியிருத்தல் தகுமோ? உரியவரிடம் உரிய காலத்தில் உண்மையைச் சொல்லுவோமாக.