ஒதுக்கிய பணம் ஊர் போய்ச் சேர்ந்ததா?



பட்ஜெட் என்றால் எதன் விலை ஏறியது, எதன் விலை இறங்கியது என்றுதான் பார்க்கிறோம். ஏழைக்கு ஒதுக்கிய பணம் ஏழையிடம் போய்ச் சேர்ந்ததா என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டாவைப் பாருங்கள். ஆரம்பப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு மானியம் ஒதுக்கியது. ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. 1996-இல் பள்ளி பள்ளியாகச் சென்று கணக்குப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை, ஒதுக்கிய நூறு ஷில்லிங்கில் பள்ளிக்கு வந்தது சராசரியாக வெறும் 13 ஷில்லிங்! மீதி மாவட்ட நிர்வாகங்களோடு நின்றுவிட்டது. பெரும்பாலான பள்ளிகளுக்குச் சல்லிக்காசுகூட வரவில்லை. தட்டிக் கேட்கத் தெரிந்த வசதியான ஊர்கள் கூடுதலாகப் பெற்றன. ஏழை ஊர்கள் ஏமாந்தன.

பிறகு என்ன நடந்தது? மாவட்டத்திற்கு அனுப்பும் தொகையை அரசு நாளிதழ்களில் வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளியிலேயே எழுதி ஒட்டச் சொன்னது. கண்காணிப்பையும் இறுக்கியது. 2001-இல் 80 விழுக்காட்டிற்கு மேல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

1998-இல் கிடைத்த கடன் நிவாரணத்தால் மிச்சமான பணத்தையும் உகாண்டா பொதுக் கணக்கில் கரைத்துவிடவில்லை. வறுமை ஒழிப்புக்கென்று தனி நிதியாக்கி ஆரம்பக் கல்வி, குடிநீர், கிராமச் சாலை, ஆரம்ப சுகாதாரம் ஆகியவற்றுக்குச் செலவிட்டது.

சகோதரர்களே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பட்ஜெட்டில் எத்தனை கோடி என்று கேட்டுக் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு வந்தது? இந்த ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்!