கொடியில் காய்க்கும் கிழங்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“பழங்கதை வேண்டாம் சார், ஏதாவது பயனுள்ளதாப் பேசுங்க” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே காய்வள்ளியைப் பற்றிப் பேசுகிறேன். தாவரவியல் மாணவர்களுக்கு டயஸ்கோரியா பல்பிஃபெரா, மலையாளத்தில் அடதாப்பு. மண்ணுக்குள் மட்டுமல்ல, இலைக்கக்கத்திலும் கிழங்கு விடும் கொடி இது. நம் குமரி மாவட்டத்து விளைகளில் மாவிலும் அயனியிலும் ஏறிக் கிடந்ததை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இதன் உறவுதான் காச்சில். அதற்குத் தண்டில் சிறகு போல நான்கு விளிம்பு, இலை எதிரெதிராக. காய்வள்ளிக்குத் தண்டு உருண்டை, இலை மாறி மாறி. காச்சிலுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா என்று ரகங்களே வெளியிட்டிருக்கிறது. காய்வள்ளியை விதைக்கடையில் கேட்டால் முழிப்பார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறித்தான் இத்தனை காலம் வந்திருக்கிறது.

அதில்தான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. காட்டில் வளரும் காய்வள்ளி கசக்கும். அதிலுள்ள டயஸ்பல்பின் என்ற பொருள் ஈரலைக் கெடுக்கக்கூடியது. மலைவாழ் மக்கள் கசப்பு வள்ளிகளைச் சீவி, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து உண்பதுண்டு. அது தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய கை. நாம் அதைச் செய்து பார்க்க வேண்டாம். முன்பெல்லாம் பாட்டி கிழங்கைக் கொடுக்கும்போது “இது தின்னுறது” என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தாள். இப்போ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, “இதைச் சாப்பிடலாமா சார்?” என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதய்யா! வருஷக்கணக்காகச் சமைத்துத் தின்னும் வீட்டிலிருந்து மட்டும் வாங்குங்கள். வேலியோரம் தானாக முளைத்ததை விட்டுவிடுங்கள். வெந்த பிறகும் கசந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

வளர்ப்பது கஷ்டமே இல்லை. மார்கழி, தையில் இலை பழுத்துக் கொடி காயும்போது காய்கள் தானே உதிரும். பொறுக்கி, நிழலில் காற்றாட வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் கெட்டுப்போகும். இரண்டு மூன்று மாதம் உறங்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் அழுகத்தான் செய்யும். பங்குனி, சித்திரையில் முளை தலைகாட்டியதும், அரிசிச் சாக்கில் மண்ணும் சாணப்பொடியும் சருகும் நிரப்பி, இரண்டு மூன்று விரல் ஆழத்தில் வையுங்கள். மாடியிலும் வளரும். பந்தல் மட்டும் நல்ல உயரமாக, பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கயிறு வேண்டும். முதல் வருஷம் காய் சிறுத்திருந்தால் மனம் தளர வேண்டாம். அடிக்கிழங்கைத் தோண்டாமல் விட்டால் அடுத்த மழைக்கு அதிலிருந்தே இன்னும் வீரியமாகக் கிளம்பும்.

ஒன்று கவனியுங்கள், உதிர்ந்த காயைப் பொறுக்காமல் விடாதீர்கள். 1905-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோன இந்தக் கொடி அங்கே காட்டை மூடி, இப்போது அதைத் தின்ன ஆசியாவிலிருந்து வண்டு இறக்கியிருக்கிறார்கள்.

சமையலுக்கு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தோலையும் அதன் கீழுள்ள பச்சையையும் கனமாகச் சீவி, மஞ்சள் போட்டு வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். காந்தாரி மிளகுச் சம்மந்தி போதும். என் வீட்டம்மா புளிக்குழம்பில் போடுவாள். அது இன்னும் மேல்.

வாசல் மேசையில் ஒரு கூடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகத் தின்னும் காய்வள்ளி. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள நோட்டில் பெயரும் ஊரும் எழுதிவிடுங்கள். பங்குனியில் முளைத்ததா என்று கேட்பேன்.