கல்லூரி வாழ்வால் மாணாக்கர் எய்தும் பயன்

(நமது சங்கத்தின் கல்வி நாட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரி வாழ்வால் மாணாக்கர் எய்தும் பயன் யாது என்பது பற்றிச் சில சொற் கூறுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தனர். பொருள் பழையது, பலரும் பலகால் பேசியது. ஆயினும் இவ்வாண்டு அதனைப் பேசுதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நமது கல்வி நிதியினின்று வழங்கப்பெறும் உபகாரச் சம்பளத்திற்குப் புதிய விதிகள் வகுக்க நிர்வாக சபையார் எண்ணியிருக்கின்றனர். பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறினும் உதவியை உடனே நிறுத்திவிடுதல் என்பது ஒரு விதி. பொறியியல், மருத்துவம், கணினி முதலிய தொழிற்கல்வி பயில்வார்க்கன்றி ஏனையோர்க்கு நிதி வழங்கலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரும் பொதுக்கூட்டத்தில் உங்கள் சம்மதத்தை வேண்டி நிற்கும். ஆகலின், யாம் கூறுவன வெறும் உபசாரப் பேச்சாகாமல், நீவிர் கையுயர்த்துமுன் எண்ணிப் பார்த்தற்கு உரியனவாதல் வேண்டுமென விழைகின்றோம்.

“மூன்றாண்டு படித்தால் என்ன கிடைக்கும்?” என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வியை இழித்துரைப்பார் சிலர் உளர். யாம் அங்ஙனம் இழித்துரையோம். தறிக்குழியில் இறங்கி நாடா எறிந்து பொழுது சாயுமட்டும் கால்மிதி மிதித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தைக்கு அதனைக் கேட்கும் உரிமை முழுதும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை உடனிருந்து பாவு புனைந்தால் வீட்டிற்கு வருமானம் வரும். அவன் கல்லூரிக்குச் செல்லின் அவ்வருமானமும் போம், மேற்கொண்டு செலவும் ஆம். இத்தகைய வீட்டினரிடம் சென்று, கல்வி கல்வியின் பொருட்டே என்று உபதேசித்தல் வயிறு நிரம்பியவர் வார்த்தையாகும். பயன் யாது என்பதற்கு விடை கூறத்தான் வேண்டும்.

பட்டம் என்று மட்டும் விடை கூறின் அது நிரம்பிய விடையாகாது. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற காலத்தில் பி.ஏ. பட்டம் பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2021-22ஆம் ஆண்டுக்குரிய அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வரையுள்ள வயதினர் நூற்றுவர்க்கு 47 பேர் என்னும் அளவில் உயர்கல்விச் சேர்க்கை உளது. இந்தியா முழுமைக்கும் அது 28.4 என்ப. இது நாம் மகிழ்தற்குரிய செய்தியே. ஆனால் ஊரிற் பாதிப்பேர் வைத்திருக்கும் ஒரு தாளினைக் காட்டி ஒருவன் தன்னைத் தனித்துக் காட்டுதல் இயலாது. பட்டம் என்பது பாவு நூல். அது தறியில் ஏறியிருத்தல் இன்றியமையாததே. ஊடை ஓடாத பாவினை எவரும் புடைவை என்று விலை கொடுத்து வாங்கார்.

அவ்வூடையாவது யாது? யாம் அறிந்த அளவில் அதனுட் பெரும்பகுதி ஆசிரியர் தொடர்பும், பாடத்திட்டத்திற்குப் புறம்பான நூல்களின் பழக்கமுமேயாம். இதற்குச் சீனிவாச இராமாநுசன் வரலாற்றினும் தெளிவான சான்று பிறிதில்லை. அவர் கல்லூரியில் தோற்றவர் என்பதை எல்லோரும் கூறுவர். 1904இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக்கிடந்தமையால் ஆங்கிலத்தில் தவறினார். தவறவே உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று. பின்னர் 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வு அவர்க்குக் கைகூடவில்லை. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, “பார்த்தீரா, மேதைக்குக் கல்லூரி எதற்கு?” என்பார் ஒரு சாரார்.

அவர்கள் கதையின் பிற்பகுதியை நோக்கிலர். கும்பகோணத்தில் அவர்க்குக் கணிதம் கற்பித்தவர் பி. வி. சேஷு அய்யர். மாணாக்கன் தேர்வில் தவறிய பின்னரும் ஆசிரியர் அவரை மறந்தாரல்லர். 1910இல் வேலையின்றி அலைந்த இராமாநுசனை, நெல்லூரில் கலெக்டராயிருந்தவரும் கணிதத்தில் ஆர்வமுடையவருமான இராமச்சந்திர ராவிடம் செல்லுமாறு கடிதம் கொடுத்து விடுத்தவர் அவரே. இராமச்சந்திர ராவின் ஆதரவும், அதன்பின் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் கணக்கர் வேலையும், 1913இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1914இல் கப்பலேறினார், 1918இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினராயினார். கல்லூரி அவர்க்குத் தாள் தரவில்லை; ஆளைத் தந்தது. தன் அறிவை அறியவல்ல ஒருவர் கண்ணிற்படும் வாய்ப்பு வீட்டுத் திண்ணையில் இருந்தவர்க்கு எளிதில் வாராது.

இனி நிர்வாக சபையாரை வணக்கத்தோடு ஒன்று கேட்கின்றோம். ஒரு பாடத்தில் தவறினாரது உதவியை நிறுத்தும் விதி புதியதன்று. நூற்றிருபது ஆண்டுகட்கு முன்னரே கும்பகோணத்தில் அது நடைபெற்றது. அவ்விதியால் உதவி இழந்தவர் யாவர் என்பதையும் உலகம் அறியும். நம் பிள்ளைகள் அனைவரும் இராமாநுசர் என்று யாம் கூறவில்லை. பத்தாம் வகுப்பு ஆசிரியராக இருக்கும் எமக்கு அம்மயக்கம் உண்டாக வழியில்லை! ஆனால் தமிழ்வழியிற் பயின்று, ஆங்கிலத்திலமைந்த நூல்களைக் கல்லூரியில் முதன்முறை காணும் பிள்ளை முதற்பருவத்தில் தவறுதல் இயல்பு. அப்பருவத்திலே கைவிட்டால் அவன் தறிக்குத் திரும்புவான். திரும்பினவன் மீளக் கல்லூரிக்குச் செல்லுதல் அரிதினும் அரிது. முன்னர்க் கொடுத்த பணமும் வீணே.

தொழிற்கல்விக்கே உதவி என்னும் விதியைப் பற்றியும் கூறவேண்டும். தமிழாசிரியனாகிய இவன் தமிழுக்குப் பரிந்து பேசுவான் என்று சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி.ஏ. பட்டதாரிகளாக 1857இல் தேறியவர் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பயின்றது வட்டுக்கோட்டைச் செமினரியில். ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் தமிழோடு சேர்த்துக் கற்பித்த இடம் அது. அவர் பின்னர்ச் சட்டமும் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். வயிற்றுப்பாட்டிற்கு அது போதும். ஆயினும் இன்று நாம் அவரை நினைப்பது நீதிபதி என்பதற்காகவன்று. வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் ஏடுகளை ஒப்புநோக்கி அச்சிட்டு, செல்லரித்து அழிய இருந்தவற்றைக் காத்தளித்தார் என்பதற்காகவேயாம். பிரதிக்குப் பிரதி வேறுபடும் பாடங்களை அடுக்கி வைத்து, இது பொருந்தும் இது பொருந்தாது என்று காரணங்காட்டித் தெரிந்தெடுத்தல், சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பெழுதும் வேலையோடு ஒருபுடை ஒப்பதன்றோ? ஒன்றிற் பழகிய அறிவு மற்றொன்றிற் சென்று உதவும். எந்தப் பாடம் எவ்விடத்து உதவும் என்று பதினெட்டு வயதிலேயே முடிவு கட்டுதல் நம்மாலும் ஆகாது, சபையாராலும் ஆகாது. பொறியியல் பயின்றும் தக்க வேலை கிடையாமல் வேறு தொழில் புகுந்த இளைஞர் நம் தெருக்களிலேயே உளர். அவர்தம் பெற்றோர் இக்கூட்டத்திலும் இருக்கின்றனர்.

விடுதி வாழ்வைப் பற்றி நம் சங்கக் கூட்டத்தில் கூறுதற்குச் சிறிது துணிவு வேண்டும், எனினும் கூறுகின்றோம். நம் பிள்ளைகளிற் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் தெருவினரோடும் நம் உறவினரோடுமே உண்டு உறங்கி வளர்கின்றனர். கல்லூரி விடுதியிலோ ஓர் அறையில் நால்வர். நால்வரும் நான்கு ஊர், நான்கு குலம், இரண்டு சமயம். ஒருவன் இரவு நெடுநேரம் விளக்கெரித்துப் படிப்பான். ஒருவனுக்கு விளக்கிருந்தால் உறக்கம் வாராது. ஒருவன் வீட்டினின்று வந்த பலகாரத்தை நால்வரும் பங்கிடுவர். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஏனைய மூவரே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வர். இங்ஙனம் மூன்றாண்டு வாழ்ந்தவன் பிறரை இழிவாகப் பேசும் பேச்சை வீட்டிற் கேட்கும்போது முகஞ் சுளிப்பான். இதனைக் கண்டு, “பிள்ளை கெட்டுப்போனான்” என்று வருந்தும் பெரியோர் நம்மிடையே உண்டு. கெட்டுப்போகவில்லை ஐயா, உலகத்தைப் பார்த்துவிட்டான். நம் சங்கம் நம்மவரை முன்னேற்ற எழுந்ததேயன்றி, நம்மவரைப் பிறரினின்று பிரித்து அடைக்க எழுந்ததன்று என்பதே எம் கருத்து.

பெண்மக்கள் பொருட்டும் ஒரு சொல். எழுதப்பட்ட விதியில் இல்லையேனும், வெளியூர்க் கல்லூரியிற் பயிலும் பெண்களுக்கு நிதி வேண்டா என்று திண்ணைகளிற் பேசப்படுவதை யாம் செவியுற்றோம். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்னும் பெண் ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரியிற் சேர விழைந்தபோது, பெண் வந்தால் ஆண்பிள்ளைகள் கெடுவர் என்று கூக்குரல் எழுந்தது. மன்னர் அதனைப் பொருட்படுத்தாது இடந்தந்தார். அவர் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையுட் புகுந்தார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. அக்கூக்குரல் இட்டவர்தம் குடும்பத்தினரும் பின்னாளில் அங்குச் சிகிச்சை பெற்றிருத்தல் கூடும்! அரசினர் பள்ளியிற் பயின்ற பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022இல் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கினர். அரசு கொடுக்க முன்வந்த காலத்தில் சங்கம் கையை மடக்குதல் அழகன்று.

மாணவச் செல்வர்களே, இதுகாறும் உங்களுக்காகப் பரிந்து பேசினோம். இனி உங்களோடு சிறிது வழக்கிட வேண்டும். விடுமுறையில் எம்மைக் காண வரும் பழைய மாணாக்கரிடம், “உன் கல்லூரி நூலகம் எத்தளத்தில் உளது?” என்று கேட்பது எம் வழக்கம். பலர் விழிக்கின்றனர். தேர்விற்கு முதல்நாள் வினாவிடைப் பிரதி. கட்டுரைக்கோ, வினாவை எழுதிய அளவானே விடை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு. கருவியின்மீது எமக்குப் பகையில்லை. அகராதியும் ஒருகாலத்தில் புதுக் கருவியே. ஆனால் தானே ஒரு பக்கம் எழுதி, ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துத் தர, மீள எழுதிப் பழகாதவன் மூன்றாண்டு முடிவில் வந்தபடியே திரும்புகின்றான். ஆசிரியரை வகுப்பிற்கு வெளியே ஒருமுறையேனும் சென்று கண்டு ஐயம் வினவாதவனுக்கு, நாளை ஒரு சேஷு அய்யர் எங்ஙனம் கடிதம் எழுதித் தருவார்? அவர்க்கு அவன் பெயரே தெரியாதே.

எனவே சபையார் விதிகளுக்கு யாம் வேண்டும் திருத்தங்கள் இவை. தேர்வில் தவறினவர்க்கு ஓராண்டு உதவி தொடர்தல் வேண்டும். அவ்வாண்டில் நம் சங்கத்திலுள்ள ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை அப்பிள்ளையைக் கண்டு பேசும் பொறுப்பை ஏற்பார். அப்பொறுப்பில் முதற்பெயராக எம் பெயரை எழுதிக்கொள்ளலாம். நிதியிற் பெரும்பகுதி தொழிற்கல்விக்குச் செல்லினும், கலைக்கும் அறிவியலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். வெளியூரிற் பயிலும் பெண்களுக்கு விடுதிக் கட்டணத்தில் உதவி என்பதனை விதியிலேயே எழுதிவிடல் வேண்டும். இவற்றைத் தாளில் எழுதிக் காரியதரிசி அவர்களிடம் இன்று காலை ஒப்புவித்துள்ளோம். பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் வழிமொழிந்தால் அவை விவாதத்திற்கு வரும்.